வீட்டுமனைத் திட்டங்களில் குடியிருப்போர் கருத்துக்கேட்பு

வீட்டுமனைத் திட்டங்களில் குடியிருப்போர் கருத்துக்கேட்பு என்பது, ஓரிடத்தில் புதிய குடியிருப்புப் பகுதி அமைவதற்கு முன், அதன் விரிவான வரைபடங்களையும் விதிகளையும் அங்கு வாழ்வோருக்கும் நில உரிமையாளர்களுக்கும் காட்டி, அவர்களுடைய ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் பெற்று, அவற்றைப் பரிசீலித்துத் திட்டத்தைத் திருத்தும் நடைமுறை ஆகும். தமிழ்நாட்டில் இதற்கான முதன்மைச் சட்டம் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 (1972ஆம் ஆண்டின் 35ஆம் சட்டம்) ஆகும்.

இச்சட்டத்தின்படி, திட்டம் வரைபடமாக இருக்கும் கட்டத்திலேயே மக்களிடம் கருத்துக் கேட்கப்படுகிறது. வரைபடம் ஒப்புதல் பெற்ற பின்னர், அதற்கு உட்பட்டு உருவாகும் ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் தனியே கருத்துக் கேட்கப்படுவதில்லை. திட்டப்பகுதிக்கு வெளியே உள்ள ஊர்களில் வரைபடமே இல்லாததால், இந்த வாய்ப்பும் இல்லை. விளைநிலங்கள் வீட்டுமனைகளாக மாறிவரும் தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு போன்ற பகுதிகளில் இவ்வேறுபாடு முக்கியமானது.

கம்பம் பள்ளத்தாக்கின் பின்னணி

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடையே அமைந்துள்ளது. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இப்பள்ளத்தாக்கை அடைகிறது. அந்நீரைக் கொண்டு இங்கு 14,707 ஏக்கர் நிலத்தில் இருபோக நெல் சாகுபடி நடைபெறுகிறது. திராட்சை, வாழை, தென்னை ஆகியனவும் பயிரிடப்படுகின்றன.

1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தேனி மாவட்டம் உருவானது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 12,45,899 ஆகும். தேனி அல்லிநகரம், பெரியகுளம், போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர் ஆகியவை இம்மாவட்டத்தின் நகராட்சிகள். இவற்றுள் பலவும் மலைக்கும் வயலுக்கும் நடுவே அமைந்துள்ளமையால், நகரம் விரிவடையும்போது அது பெரும்பாலும் வயலையோ தோப்பையோ நோக்கியே விரிகிறது. அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்த மதுரை - போடி தொடர்வண்டிப் போக்குவரத்து, தேனி வரை 2022இலும் போடி வரை 2023இலும் மீண்டும் தொடங்கப்பட்டது.

ஆயக்கட்டு நிலத்தில் ஒரு வயல் மனையாகும்போது, அவ்வயலின் உரிமையாளர் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. வயல்வெளியில் நீர் ஒரு நிலத்தைக் கடந்தே அடுத்த நிலத்தை அடைகிறது. நடுவில் உள்ள வாய்க்கால் தூர்ந்தாலோ, அதன்மீது சாலை அமைந்தாலோ, கடைமடையில் உள்ள நிலத்திற்கு நீர் சேராது. மழைநீர் வடியும் வழி மாறினால், பழைய குடியிருப்பில் நீர் தேங்கும். எனவே புதிய மனைத்திட்டத்தில் அக்கறை உடையோர் விற்பவரும் வாங்குபவரும் மட்டுமல்லர்; அக்கம்பக்கத்து உழவரும் குடியிருப்போரும் அதில் அடங்குவர்.

வரலாறு

இசுக்கொட்லாந்து நாட்டைச் சேர்ந்த நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிசு 1914இல் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பின் பேரில் இந்தியா வந்தார். 1915இல் மதுரை உள்ளிட்ட மாகாண நகரங்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். இன்றைய தேனி மாவட்டப் பகுதி அக்காலத்தில் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. பழைய தெருக்களை மொத்தமாக இடித்துப் புதிதாக அமைப்பதை எதிர்த்த கெடிசு, முதலில் ஊரை நடந்து பார்த்து, மக்களின் வாழ்க்கை முறையை ஆய்ந்து, இயன்றவரை குறைவாக இடிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

இதன்பின் சென்னை நகரமைப்புச் சட்டம் 1920இல் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக வந்ததே 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். 1992இல் நிறைவேற்றப்பட்ட 73ஆம், 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் அரசியலமைப்புத் தகுதி அளித்தன. மாவட்டத் திட்டமிடல் குழுவையும் ஏற்படுத்தின.

திட்டங்களின் வகைகள்

1971ஆம் ஆண்டுச் சட்டம் பின்வரும் திட்டங்களைக் குறிப்பிடுகிறது.

1. மண்டலத் திட்டம்: பல ஊர்களையும் நகரங்களையும் உள்ளடக்கிய பெரும் பரப்புக்கானது.
2. முழுமைத் திட்டம்: ஒரு நகரத்திற்கும் அதன் சுற்றுப்புறத்திற்கும் ஆனது. எந்தப் பகுதி குடியிருப்புக்கு, எது வணிகத்துக்கு, எது வேளாண்மைக்கு என்பதை இது வகுக்கும்.
3. புதுநகர் வளர்ச்சித் திட்டம்: புதிதாக அமைக்கப்படும் நகருக்கானது.
4. விரிவான வளர்ச்சித் திட்டம்: நகரின் ஒரு பகுதிக்கு மட்டுமானது. தெருக்களின் போக்கு, அகலம், கட்டடக் கோடு, பூங்கா, வடிகால், குடிநீர், பொதுப் பயன்பாட்டு நிலம் ஆகியவற்றைப் புல எண் வாரியாகக் காட்டும்.

இவற்றுள் குடியிருப்போரை நேரடியாகத் தொடுவது நான்காவது வகையே. முழுமைத் திட்டத்தில் ஒரு நிறமாக மட்டும் காணப்படும் நிலம், விரிவான வளர்ச்சித் திட்டத்தில் ஒருவருடைய வீடாகவோ, வீட்டின் குறுக்கே செல்லும் சாலைக் கோடாகவோ தென்படும்.

கருத்துக்கேட்பின் படிநிலைகள்

விரிவான வளர்ச்சித் திட்டம் ஒன்றில் கருத்துக்கேட்பு பின்வருமாறு நடைபெறுகிறது.

1. திட்டம் தயாரிக்கும் எண்ணத்தை உள்ளூர்த் திட்டக் குழுமம் தீர்மானமாக நிறைவேற்றி அறிவிக்கும் (பிரிவு 19). ஒரே உள்ளாட்சியின் எல்லையை மட்டும் கொண்ட திட்டப்பகுதியில் அந்த உள்ளாட்சியே திட்டக் குழுமமாகச் செயல்படும்.
2. வரைவுத் திட்டம் நகர் ஊரமைப்பு இயக்குநருக்கு அனுப்பப்பட்டு, வெளியிடுவதற்கான இசைவு பெறப்படும் (பிரிவு 25).
3. அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியாகும். வரைவை எங்கு பார்வையிடலாம், எந்த நாளுக்குள் கருத்துத் தெரிவிக்கலாம் என்பன அதில் இடம்பெறும் (பிரிவு 27).
4. எவர் வேண்டுமானாலும் ஆட்சேபணையோ ஆலோசனையோ எழுத்து மூலம் அளிக்கலாம். நேரில் கேட்கப்பட வேண்டும் என்று கோருவோருக்கு அதற்கு உரிய வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும்.
5. குழுமம் தேவையான திருத்தங்களைச் செய்து, திட்டத்தை இயக்குநருக்கு அனுப்பும். அவர் அதனை அப்படியே ஏற்கலாம், மாற்றங்களுடன் ஏற்கலாம் அல்லது திருப்பி அனுப்பலாம் (பிரிவு 29).

முழுமைத் திட்டத்திற்கும் இதையொத்த நடைமுறை உண்டு. அதற்கான கருத்துக்கேட்புக் காலம் அரசிதழ் அறிவிப்பு நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குக் குறையக் கூடாது (பிரிவு 26). ஒப்புதல் பெற்ற விரிவான வளர்ச்சித் திட்டத்தை மாற்றுவதற்கும் நீக்குவதற்கும் தனி வழிமுறை உள்ளது (பிரிவு 33). ஒரு குறிப்பிட்ட புல எண்ணைக் குடியிருப்பிலிருந்து வணிகத்திற்கு மாற்றுவது போன்ற சிறு மாறுதல்களுக்கும் அறிவிப்பு வெளியிடப்பட்டு ஆட்சேபணைகள் கோரப்படுகின்றன.

"எவர் வேண்டுமானாலும்" என்னும் சொற்கள் இங்கு முக்கியமானவை. ஆட்சேபணை தெரிவிக்க நில உரிமை தேவையில்லை. வாடகைக்கு இருப்பவர், அருகில் உழுபவர், அத்தெரு வழியே பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் பெற்றோர் ஆகிய எவரும் கருத்துத் தெரிவிக்கலாம்.

ஆட்சேபிக்காமல் இருப்பதன் விளைவு

திட்டம் நடைமுறைக்கு வந்தபின், அதற்கு முரணாக நிலத்தைப் பயன்படுத்தவோ கட்டடம் எழுப்பவோ இயலாது. திட்டத்திற்குத் தேவைப்படும் நிலம் பொது நோக்கத்திற்கானது எனக் கருதப்படும் (பிரிவு 36). தன் வீட்டுமனையின் மீது சாலைக் கோடு விழுந்திருப்பதை ஒருவர் பல ஆண்டுகள் கழித்து, மாடி கட்டுவதற்கு அனுமதி கோரும்போதே அறிவதும் உண்டு. கருத்துக்கேட்புக் காலம் அதற்குள் முடிந்திருக்கும்.

இந்நிலையில் உரிமையாளருக்குப் பாதுகாப்பாக இருப்பது பிரிவு 38 ஆகும். 26ஆம் அல்லது 27ஆம் பிரிவின்படி அறிவிப்பு வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் அந்நிலத்தைக் கையகப்படுத்துவதற்கான அறிவிக்கை வெளியிடப்படாவிடினும், உடன்பாட்டின் மூலம் நிலம் பெறப்படாவிடினும், அந்நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பூங்காவுக்கும் சாலைக்கும் வரையப்பட்ட நிலம் இவ்வாறு விடுபடும்போது, அவற்றை நம்பி அப்பகுதியில் குடியேறியோர் அவ்வசதியை இழப்பர். ஒருவருக்குப் பாதுகாப்பாக அமைவது இன்னொருவருக்கு இழப்பாக அமைவதால், ஆட்சேபணை தெரிவிப்போர் மட்டுமன்றித் திட்டத்தை ஆதரிப்போரும் தம் கருத்தைப் பதிவு செய்வது பயனுடையது.

தனியார் மனைப்பிரிவுகள்

நடைமுறையில் புதிய குடியிருப்புகளுள் பெரும்பங்கு தனியார் மனைப்பிரிவுகளே. இவற்றுக்கு அனுமதி வழங்குமுன் அக்கம்பக்கத்தாரிடம் கருத்துக் கேட்பதற்கான பொது நடைமுறை இல்லை. விண்ணப்பம் விதிகளுக்குப் பொருந்துகிறதா என்பதையே அலுவலர்கள் பார்க்கின்றனர்.

திட்டப்பகுதிக்கு வெளியே உள்ள வேளாண் நிலத்தை வேறு பயன்பாட்டிற்கு மாற்றுவதை நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பிரிவு 47-அ-வும், அதன்கீழ் 2017இல் வகுக்கப்பட்ட நிலப்பயன் மாற்ற விதிகளும் ஒழுங்குபடுத்துகின்றன. இங்கு கேட்கப்படுவது துறைகளின் கருத்து. ஊராரின் கருத்து அன்று. கடைமடை உழவர் ஒருவர் இதில் நேரடியாகக் கலந்துகொள்ள இடமில்லை.

அனுமதி பெறாத மனைகள் பெருகியதைத் தொடர்ந்து, அத்தகைய மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. 2017 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்கு முன் உருவான மனைப்பிரிவுகளை, கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த இவ்விதிகள் வழிசெய்தன. மனைகள் ஏற்கனவே விற்கப்பட்டுவிட்டதால், சாலையின் அகலமோ பூங்காவின் இடமோ குறித்து எவரிடமும் கருத்துக் கேட்கும் நிலை அப்போது இல்லை.

2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலானவற்றில், நிலம் ஒதுக்க இயலாவிடில் அதற்கீடாகப் பணம் செலுத்தலாம். ஒதுக்கப்பட்ட நிலமும் சாலைகளும் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்படும்.

இவ்வாறு ஒதுக்கப்பட்ட இடத்தைப் பாதுகாக்கக் குடியிருப்போர் நீதிமன்றத்தை நாடலாம். பெங்களூர் மருத்துவ அறக்கட்டளை வழக்கில் (1991), பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட இடம் தனியார் மருத்துவமனைக்கு வழங்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுக்க அப்பகுதிக் குடியிருப்போருக்கு உரிமை உண்டு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மனை வாங்கியோருக்கு 2016ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் மற்றோர் உரிமையை அளிக்கிறது. அனுமதிக்கப்பட்ட மனைப்பிரிவின் அமைப்பையோ பொதுப் பகுதிகளையோ மாற்ற வேண்டுமெனில், ஒதுக்கீடு பெற்றோரில் மூன்றில் இரு பங்கினரின் எழுத்துமூல இசைவை முன்னதாகப் பெற வேண்டும் (பிரிவு 14). ஆயினும் இவ்வுரிமை மனை வாங்கியோருக்கு மட்டுமே உரியது. பக்கத்துத் தெருவினருக்கு இல்லை.

நில எடுப்பின்போது

வீடற்றோருக்கும் நலிந்த பிரிவினருக்கும் குடியிருப்பு அமைக்க அரசு நிலம் எடுப்பதும் 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்படி பொது நோக்கமாகும். இச்சட்டம் கருத்துக்கேட்பைக் கூடுதலாக வலியுறுத்துகிறது. ஊராட்சியையோ நகராட்சியையோ கலந்து சமூகத் தாக்க மதிப்பீடு செய்யப்பட வேண்டும். பாதிக்கப்படும் பகுதியிலேயே பொதுவிசாரணை நடத்தப்பட வேண்டும். மதிப்பீட்டு அறிக்கை உள்ளூர் மொழியில் வெளியிடப்பட வேண்டும். முதல்நிலை அறிவிக்கைக்குப் பின் 60 நாட்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம் (பிரிவு 15).

எனினும் தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் வீட்டுமனைகளுக்கான நிலம் 1978ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்கீழ் எடுக்கப்படுகிறது. இச்சட்டத்தையும், தொழில், நெடுஞ்சாலை ஆகியவற்றுக்கான நில எடுப்புச் சட்டங்களையும் மாநில அரசு மைய அரசின் சட்டத்திலிருந்து விலக்கியது. அவ்விலக்கு 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் சட்டமன்றம் இயற்றிய மீட்புச் சட்டத்தை 2021இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நில உரிமையாளருக்குக் காரணம் கேட்கும் அறிவிப்பு அளிக்கப்படும். ஊர்முழுவதற்குமான பொதுவிசாரணை இல்லை. நிலமற்ற தலித் மக்களுக்கு மனை கிடைப்பதை ஊரின் ஆதிக்கப் பிரிவினர் தாமதப்படுத்தாமல் இருக்க விரைவு நடைமுறை தேவை என்பது இதற்கு ஆதரவான வாதம். கருத்துக்கேட்பு எப்போதும் எளியோருக்கே துணைநிற்கும் என்று கொள்ள முடியாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

கிராம சபையும் பகுதி சபையும்

ஊரகப் பகுதிகளில் அரசு வீட்டுத் திட்டங்களின் பயனாளிப் பட்டியல் கிராம சபையின் முன் வைக்கப்படுகிறது. 2016இல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஊரக வீடு கட்டும் திட்டமும், 2024இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் இவற்றுள் அடங்கும். தமிழ்நாட்டில் கிராம சபைக் கூட்டங்கள் ஆண்டுக்கு நான்கு நாட்களில் நடைபெற்று வந்தன; 2022 முதல் இது ஆறு நாட்களாக உயர்த்தப்பட்டது. நகரப் பகுதிகளில் வார்டு குழுக்களையும் பகுதி சபைகளையும் அமைப்பதற்கான விதிகள் 2022இல் வெளியிடப்பட்டன.

இக்கூட்டங்களில் யாருக்கு வீடு என்பது பேசப்படும் அளவிற்கு, வீடு எங்கு, எத்தகைய அமைப்பில், எந்த வடிகாலுடன் அமையும் என்பது பேசப்படுவதில்லை. ஆயினும் எந்தப் பொருளையும் தீர்மானமாக நிறைவேற்றிப் பதிவு செய்ய இவற்றில் இடமுண்டு.

சுற்றுச்சூழல் விசாரணையும் பொட்டிபுரமும்

பெரிய கட்டுமானங்களுக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் முன் அனுமதி தேவை. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்கள் அவ்வறிவிக்கைப் பட்டியலின் 8(அ) இனத்திலும், 50 எக்டேர் அல்லது 1,50,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நகரியங்கள் 8(ஆ) இனத்திலும் அடங்கும். சுரங்கம், அனல்மின் நிலையம் போன்றவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமாக இருக்க, கட்டட, நகரியத் திட்டங்களுக்குப் பொதுவாக அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.

இவ்விலக்கின் பொருளைத் தேனி மாவட்டத்தின் பொட்டிபுரம் தெளிவாகக் காட்டியது. அங்குள்ள மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் சுற்றுச்சூழல் அனுமதியைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2017 மார்ச்சு மாதத்தில் நிறுத்தி வைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது அதற்கு முதன்மைக் காரணம். 2018இல் மைய அரசின் வல்லுநர் மதிப்பீட்டுக் குழு, இதனை 8(அ) இனத்தின்கீழ், அதாவது கட்டடத் திட்டமாகக் கருதி, அனுமதிக்குப் பரிந்துரைத்தது. அவ்வகைப்பாட்டின்படி பொதுவிசாரணை தேவைப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில், தேசிய வனவுயிர் வாரியத்தின் ஒப்புதலின்றிப் பணி தொடங்கக் கூடாது என்று தீர்ப்பாயம் கூறியது. திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று தமிழ்நாடு அரசு 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆய்வகத்தின் நன்மை தீமை பற்றிய விவாதம் ஒருபுறமிருக்க, ஒரு திட்டம் எந்த இனத்தில் வகைப்படுத்தப்படுகிறது என்பதே ஊராரிடம் கருத்துக் கேட்கப்படுமா என்பதைத் தீர்மானிக்கிறது என்பது இதிலிருந்து புலனாகும்.

பிற இடங்களில்

கம்பம் பள்ளத்தாக்கை அடுத்துள்ள கேரளத்தில் 1996இல் தொடங்கப்பட்ட மக்கள் திட்டமிடல் இயக்கம், உள்ளாட்சிகளுக்குத் திட்ட நிதியைப் பிரித்தளித்து, ஊர்க் கூட்டங்களில் இருந்தே திட்டங்கள் உருவாக வழிசெய்தது.

இலங்கையில் 1984 முதல் 1989 வரை நடைபெற்ற பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தில், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் அலுவலர்களும் குடியிருப்போரும் ஒன்றாக அமர்ந்து காணி எல்லை, பாதை, கிணறு ஆகியவற்றை முடிவு செய்யும் பட்டறைகள் நடத்தப்பட்டன. போருக்குப் பின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் இந்திய அரசின் உதவியுடன் கட்டப்பட்ட வீடுகளுள் பெரும்பாலானவை, பயனாளிகளே கட்டுமானத்தை மேற்கொள்ளும் முறையில் அமைந்தன.

இங்கிலாந்தில் திட்டமிடலில் மக்கள் பங்கேற்பு குறித்த இசுகெஃபிங்டன் குழுவின் அறிக்கை 1969இல் வெளியானது. அதே ஆண்டில் அமெரிக்காவின் செர்ரி ஆர்ன்சுடைன் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். அதில் கருத்துக்கேட்பு நான்காம் படியே. கேட்பவர் கேட்டதை ஏற்கக் கடமைப்படாதவரை அது முழுமையான பங்கேற்பு ஆகாது என்பது அவருடைய கருத்து.

சுட்டிக்காட்டப்படும் குறைகள்

* அறிவிப்பு அரசிதழிலும் நாளிதழின் உட்பக்கத்திலும் வெளியாகிறது. திட்டப்பகுதியில் உள்ள வீடுகளுக்கு அது தனித்தனியே சென்று சேர்வதில்லை.
* வரைபடங்கள் புல எண்களாலும் நிறங்களாலும் ஆனவை. தம் வீடு எங்குள்ளது என்பதை அலுவலர் துணையின்றிப் பலரால் அறிய இயலாது.
* ஆட்சேபணை ஏற்கப்பட்டதா, இல்லையெனில் ஏன் என்பது அதனை அளித்தவருக்குத் தெரியாமலே போகலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இதற்கு ஓரளவு துணைசெய்கிறது.
* புதிய குடியிருப்பில் வந்து வாழப்போவோர் கருத்துக்கேட்பின்போது அங்கு இருப்பதில்லை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் போன்றவை அமைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், மாற்றிக் குடியமர்த்தப்படுவோர், ஏற்கனவே அங்கு வாழ்வோர் ஆகிய இரு தரப்பினரிடமும் கருத்துக் கேட்க வேண்டியுள்ளது.
* ஊராட்சிகளின் வேளாண் நிலங்களில் மனைகள் உருவாகும்போது, பாசன வாய்க்காலைப் பயன்படுத்துவோருக்கு அறிவிப்பு அளிக்கும் கட்டாயம் இல்லை.

இவற்றுள் கடைசிக் குறை கம்பம் பள்ளத்தாக்கிற்கு மிகவும் பொருந்துவது. ஒரு திட்டம் வரைபடமாக இருக்கும்போது அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறிது. சாலை அமைந்து மனைகள் விற்கப்பட்டபின், மறைந்த வாய்க்காலை மீட்பது அரிது. வரைபடக் கட்டத்திலேயே கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் விதித்திருப்பதன் அடிப்படையும் இதுவே.

இவற்றையும் பார்க்க

* கம்பம் பள்ளத்தாக்கு
* தேனி மாவட்டம்
* முல்லைப் பெரியாறு அணை
* கிராம சபை
* இந்திய நியூட்ரினோ ஆய்வகம்
* பேட்ரிக் கெடிசு